பழைய ராணுவ போல்ட் ரைபிள்கள்: பார்ப்பது, சுடுவது, ஒப்பிடுவது

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை சந்தைக்குப் போனால் இந்தக் கேள்வி கூடவே வரும். "மாமா, த்ரீ நாட் த்ரீ நல்லதுங்களா, ஜெர்மன் மாசர் நல்லதுங்களா?" ஆயுதப் போலீசில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பையன்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: எந்த த்ரீ நாட் த்ரீ, எந்த மாசர்? (த்ரீ நாட் த்ரீ என்பது .303 தோட்டா போடும் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு. இரண்டுமே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுபவை.)

எண்பது, நூறு வருடம் ஆன இரண்டு ரைபிள்களை எடுத்துச் சுட்டுப் பார்க்கும்போது நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் இரண்டு வடிவமைப்புகளை அல்ல. அந்த இரண்டு குழல்களும் இத்தனை காலம் பட்ட பாட்டைத்தான். ஒன்று எண்ணெய் பூசி அலமாரியில் தூங்கியிருக்கும். இன்னொன்று மழையிலும் பரேடிலும் நாற்பது வருடம் உழைத்திருக்கும். இதை முதலில் பிரித்தறியாமல் "அதைவிட இது நல்லது" என்று சொல்வது அந்த ரைபிளுக்குச் செய்யும் அநியாயம். அதனால் இந்த வழிகாட்டியில் சுடுவதைவிடச் சுடுவதற்கு முந்தைய வேலைதான் அதிகம்.

முதலில் சட்டம்

இந்தியாவில் .303, 7.62 மி.மீ. இரண்டும் பி.பி. பட்டியலில் இருக்கின்றன. அதாவது தடைசெய்யப்பட்ட குழல் விட்டம். கலெக்டர் ஆபீசில் விண்ணப்பித்து வாங்கிவிட முடியாது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். தாத்தா காலத்து ரைபிள் பரணில் கிடைத்தது என்றால் அதைத் துடைத்துச் சுட்டுப் பார்க்காதீர்கள். வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டுப் போலீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். சுடக்கூடிய நிலையில் இருக்கும் .303 எவ்வளவு பழசானாலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது.

நம் ஊரில் சாதாரண உரிமத்தில் கிடைப்பது .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். இதை அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். இச்சாப்பூர் ரைபிள் பேக்டரி செய்த இந்த .315-இன் போல்ட்டும் உடலும் லீ-என்ஃபீல்டின் வம்சம்தான். தோட்டா மட்டும் வேறு. பட்டாளத்துத் தோட்டா வெளியார் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு .303-ஐத் தடுத்தபோது, ஆஸ்திரியப் படையின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை எடுத்து லீ உடலில் பொருத்தினார்கள். அதுதான் இன்றைய .315. பிரிட்டிஷ் உடம்பில் ஆஸ்திரிய வயிறு. இதைச் சுடக் கற்றவருக்கு த்ரீ நாட் த்ரீ அந்நியமாகத் தெரியாது.

எல்லையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமத்தில் அது செல்லுபடியாகும் பகுதி எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால், வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ரேஞ்சுக்குத் துப்பாக்கியோடு போக முடியாது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம் என்பதெல்லாம் அங்கே பேசாது. இன்னொன்று: பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதன் பிறகு இங்கே பல வீடுகளில் பழைய துப்பாக்கிகள் வெளியே வந்தன. அந்த உத்தரவு பட்டியலில் பெயர் உள்ள உரிமக்காரருக்கு மட்டுமே. ரைபிளைச் சோதித்துப் பார்க்கும் இடம் தோட்டம் அல்ல, ரேஞ்ச்.

ராணுவ ரைபிள்களையே ஒப்பிட ஆசை என்றால் வெளிநாட்டில்தான் வாய்ப்பு. மகள் குடும்பம் சிட்னியில் இருக்கிறது. மருமகன் உறுப்பினராக உள்ள கிளப்பில் படிவம் நிரப்பி, மேற்பார்வையில், இரண்டு தடவை சுட்டேன். ஆஸ்திரேலியாவின் லித்கோ பேக்டரியில் செய்த நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் (எஸ்.எம்.எல்.இ. என்ற லீ-என்ஃபீல்டு), ஒரு நம்பர் 4 (அதற்குப் பிந்தைய லீ-என்ஃபீல்டு), ஒரு ஜெர்மன் கே98கே (மாசர்), ஒரு ரஷ்ய மோசின் 91/30. கீழே ஒப்பீடு என்று நான் சொல்வது அந்த நான்கையும், வேலையில் கையாண்ட நம் இச்சாப்பூர் ரைபிள்களையும் வைத்துத்தான்.

கையில் வாங்கியதும்

குழலின் வாய் பாதுகாப்பான பக்கம். போல்ட்டைத் திற. மேகசினைக் கழற்று. தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுப் பார். கொடுப்பவர் "காலி" என்று சொல்லியிருந்தாலும் பார். இதைச் சொல்லிச் சொல்லியே என் வேலைக்காலம் போனது, இன்னும் சொல்வேன்.

அடுத்து எழுத்துகள். "டி.பி." என்று குத்தியிருந்தால் அது டிரில்லுக்கு ஒதுக்கிய ரைபிள், சுடவே கூடாது. உடல், போல்ட் இரண்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இச்சாப்பூர் ரைபிளில் "ஆர்.எஃப்.ஐ." (ரைபிள் பேக்டரி இச்சாப்பூர்) முத்திரையும் வருடமும் இருக்கும். 1960-களில் வந்த 2ஏ, 2ஏ1 வெளித்தோற்றத்தில் த்ரீ நாட் த்ரீயின் தம்பி மாதிரி இருந்தாலும், வலுவான எஃகில் 7.62 தோட்டாவுக்காகச் செய்தவை. மேகசின் பெட்டி சதுரமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். எஸ்.எம்.எல்.இ. உடலில் .410 மஸ்கட்டாக மாற்றிய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளும் போலீஸ், ஜெயில் காவலுக்காக நிறைய இருந்தன. வெளியே பார்த்தால் த்ரீ நாட் த்ரீ, உள்ளே வழவழப்பான குழல். பெயரைப் பார்த்துத் தோட்டா போடாதீர்கள், முத்திரையைப் பார்த்துப் போடுங்கள்.

வெளிநாட்டில் அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்டு கிடைத்தால் எண்ணைக் கேளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் செய்ததில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் செய்ததில் 2,85,507-க்குக் கீழும் உள்ளவற்றின் உடல் எஃகு சூடேற்றியதில் நேர்ந்த பிழையால் நொறுங்கக்கூடியது. அழகாக இருந்தாலும் சுவரில் மாட்ட மட்டும்தான் அது.

ஹெட்ஸ்பேஸ். போல்ட்டை மூடினால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இது. .303 தோட்டாவின் பித்தளைக் கூடு, அதாவது கேஸ், அடியில் உள்ள விளிம்பால் உட்காரும். அதனால் சேம்பரில் வைத்துப் பார்க்கும் அளவுத் துண்டான கேஜும் விளிம்புத் தடிமனைத்தான் அளக்கும்: 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலக் கேஜில் மூடக் கூடாது. நம்பர் 4-இல் இதைச் சரிசெய்ய 0, 1, 2, 3 என்று எண் போட்ட போல்ட் ஹெட்டுகள் உண்டு. ஒன்றைக் கழற்றி அடுத்ததைத் திருகினால் முடிந்தது. ஆர்மரருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எந்த டிசைனரும் செய்ததில்லை என்பேன். மாசரில் இந்தச் சலுகை இல்லை; கேஸின் தோளில் உட்காரும், போல்ட் மாறியிருந்தால் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

குழல். நன்றாகத் துடைத்து, போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தேய்வது இரண்டு முனைகள்தான். பின்முனையை கார்டைட் என்ற தோட்டா மருந்து சுடும். பழைய மார்க் 1 கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அந்தச் சூட்டில்தான் மெட்ஃபோர்டு முறையில் குழலுக்குள் வெட்டிய ஆழமில்லாத வரிகள் சீக்கிரம் அழிந்து, ஆழமான என்ஃபீல்டு வரிகள் வந்தன. முன்முனையைக் கெடுப்பது நாம்: குழல் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்து வாய் ஒரு பக்கம் நீள்வட்டமாகிவிடும். மருந்து இல்லாத டம்மி தோட்டாவின் குண்டைக் குழலின் வாயில் வைத்துப் பாருங்கள். கேஸின் கழுத்துவரை தடையில்லாமல் உள்ளே போனால் அந்த வாய் தேய்ந்துவிட்டது. அந்த ரைபிளை வைத்து வடிவமைப்பைப் பற்றி எதுவும் பேசக் கூடாது.

மரம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, எனக்குப் பாடம் கற்பித்ததும் இதுதான். ஒரு வருடம் மே மாதத்தில் 100 கெஜத்தில் 4 அங்குலத்துக்குள் அடித்த ரைபிள், ஜூலையில் 9 அங்குலம் விரிந்தது. ஆளை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன், குழல் போய்விட்டது என்று ரிப்போர்ட்டே எழுதிவிட்டேன். பிறகு குழலுக்கு அடியில் உள்ள முன்மரமான ஃபோர்எண்டைக் கழற்றிப் பார்த்தால், தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் மரம் உப்பிக் குழலை ஒரு பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. காயவைத்து, முன்திருகைச் சரியாக முறுக்கியதும் பழைய குரூப், அதாவது குண்டுகள் விழும் நெருக்கம், திரும்பி வந்தது. எஸ்.எம்.எல்.இ.யில் குழல் முழுவதும் மரத்துக்குள் இருக்கிறது. மரம் சரியாக உட்கார்ந்தால்தான் அது ரைபிள். ஒரு எச்சரிக்கை: நம்பர் 1-இல் ஃபோர்எண்டைக் கழற்றாமல், தோளில் வைக்கும் பின்மரமான பட்-ஐக் கழற்ற முயலாதீர்கள். பட் போல்ட்டின் சதுர முனை ஃபோர்எண்டில் உள்ள தகட்டில் மாட்டியிருக்கும். திருகினால் மரம் பிளக்கும். விஷயம் தெரியாதவர்கள் பிளந்த மரங்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

தோட்டா

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். பாலக்காட்டு மழைக்காலத்தில் ராத்திரிகூட வேண்டாம். சுடலாம், ஆனால் கழுவும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

.303 தோட்டாவை மேகசினில் போடும்போது, மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒன்றோடொன்று கொக்கி போட்டு போல்ட் சிக்கும். மோசினிலும் விளிம்புத் தோட்டாதான், ஆனால் அதில் மேல் தோட்டாவைத் தனியே பிரித்துப் பிடிக்க ஒரு துண்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். மாசரில் விளிம்பே துருத்துவதில்லை, இந்தக் கவலை கிடையாது. ஆனால் மாசரில் வேறு ஆபத்து: 8 மி.மீ.யில் பழைய குறுகிய குழலும் (0.318 அங்குலம்) பிந்தைய அகலக் குழலும் (0.323 அங்குலம்) உண்டு. அகலக் குண்டைக் குறுகிய குழலில் சுடக் கூடாது.

லீ-என்ஃபீல்டின் சேம்பர் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி முழு அடியும் போல்ட்டில் விழும். சுடும் முன் உலர்ந்த சிந்தியால் (துணித்துண்டால்) ஒரு தடவை துடையுங்கள்.

சுடுவது

கண்ணாடி, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு. மணல் மூட்டை ஃபோர்எண்டின் கீழ், எல்லா ரைபிளுக்கும் ஒரே இடத்தில். மரத்தைத் தாங்குங்கள், குழலைத் தாங்காதீர்கள். பட் தோளின் குழியில் இறுக உட்காரட்டும், எஸ்.எம்.எல்.இ.யின் பித்தளை பட் பிளேட் தளர்வாகப் பிடித்தவரை மன்னிக்காது.

ட்ரிகரில் இரண்டு அழுத்தம் உண்டு. முதல் அழுத்தத்தை எடுத்து, ஃபோர்சைட் டிப்பை (முன்சைட்டின் நுனியை) பார்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி இரண்டாவதைக் கொடுங்கள். கண் டிப்பில் இருக்கட்டும், டார்கெட் கொஞ்சம் மங்கலாகவே தெரியட்டும். பழைய சைட்டுகளில் நிறையப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

ரைபிள் மேலே அடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். 300 கெஜத்துக்கு வைத்த சைட் 100 கெஜத்தில் அரைச் சாணுக்கும் கூடுதலாக மேலேதான் அடிக்கும். போர்க்களத்துக்கு அது சரி. நீங்கள் அளக்கப்போவது குரூப்பை, அதனால் டார்கெட்டின் அடியைப் பிடித்துச் சுடுங்கள். மோசின் ஒரு பக்கமாக அடித்தால் அதற்கும் காரணம் உண்டு: அதைப் பயோனெட் மாட்டியபடிதான் சைட் பொருத்தினார்கள். கத்தியை எடுத்தால் குண்டு விழும் இடம் மாறும்.

ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லையா? வாயை டார்கெட் பக்கமே வைத்து ஒரு முழு நிமிடம் பொறுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்ததா? உடனே நிறுத்துங்கள். குழலில் குண்டு நின்றிருக்கலாம். போல்ட்டை எடுத்துக் குழலைப் பார்க்காமல் அடுத்த தோட்டா போடக் கூடாது.

ஒப்பிடுவது

இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரே ரைபிள், ஒரே ஆள், ஒரே காலை: ஐந்து குண்டு 2 அங்குலத்திலும் விழும், அடுத்த ஐந்து 4 அங்குலத்திலும் விழும். இரண்டும் அந்த ரைபிள்தான். அதனால் ஒரு நல்ல குரூப்பைப் போட்டோ எடுத்து முடிவு கட்டாதீர்கள். நான் வைத்திருக்கும் முறை இது: ஒவ்வொரு ரைபிளிலும் ஐந்து குண்டு வீதம் நான்கு குரூப். ஆரம்பத்தில் இரண்டு குண்டு எண்ணெயை எரிக்க, அவை கணக்கில் இல்லை. ரைபிள்களை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்: முதலில் அ, பிறகு ஆ, மறுபடி ஆ, பிறகு அ. ஒன்றை முழுவதும் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், இரண்டாவதன் கணக்கில் உங்கள் தோள்வலியும் காற்றும் சேர்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பத்து மணிக்கு மேல் எப்படி எழும்பும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழல் கையால் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகே அடுத்த குரூப்.

அளப்பது சுலபம். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு. நான்கு குரூப்பின் சராசரியை எழுதுங்கள். "அது என் தப்பு" என்று ஒரு குண்டைக் கழிக்க வேண்டுமானால், டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பார்த்த பிறகு கழிப்பது கணக்கல்ல.

நல்ல குழலும் நல்ல மரமும் உள்ள ராணுவ ரைபிள் திறந்த சைட்டில் 100 கெஜத்தில் 3, 4 அங்குலம் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது. சிட்னியில் நான் சுட்ட நான்கில் நம்பர் 4 கொஞ்சம் முந்தியது. காரணம் குழல் மட்டுமல்ல. அதன் பேக்சைட் துளை வடிவில், கண்ணுக்குப் பக்கத்தில், உடலின் பின்பகுதியில் இருக்கிறது. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி கூடும்போது பிடிக்கும் பிழை குறையும். அறுபதைத் தாண்டிய என் கண்ணுக்குத் துளை சைட் வரப்பிரசாதம். அதே நாள் மருமகன், முப்பத்தைந்து வயதுக் கண், கே98கே-யில் என்னைவிடச் சிறிய குரூப் அடித்தார். ஒப்பீட்டில் யாருடைய கண் என்பதையும் எழுதி வையுங்கள்.

குரூப் மட்டும் போதாது. இவை படைவீரனுக்காகச் செய்தவை, வேகமும் கணக்கில் சேர வேண்டும். டம்மி தோட்டா வைத்து, தோளிலிருந்து எடுக்காமல், பத்துத் தடவை போல்ட்டை இயக்கி நேரம் பாருங்கள். லீயின் போல்ட் 60 டிகிரிதான் திரும்பும், தள்ளும் தூரமும் குறைவு, மூடும்போது ஸ்பிரிங் ஏறும். மாசர் 90 டிகிரி, திறக்கும்போதே ஸ்பிரிங் ஏறும். லீயில் பத்துத் தோட்டா, மாசரிலும் மோசினிலும் ஐந்து. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் படையில் 300 கெஜத்தில் நிமிடத்துக்கு 15 குண்டு குறிபார்த்துச் சுடுவதைப் பயிற்சியாக வைத்திருந்தார்கள். லீயைக் கையில் வைத்து இயக்கிப் பார்த்தால் அது எப்படி முடிந்தது என்று புரியும். மோசினில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பிடியைத் திருப்பத் தோளிலிருந்தே இறக்க வேண்டியிருந்தது. சேம்பரில் பழைய அரக்கு, கிரீஸ் படிந்திருந்தால் இன்னும் இறுகும். பிடிவாதமான மோசினை முதலில் கழுவுங்கள், பிறகு குறை சொல்லுங்கள்.

ஆனால் போல்ட்டை அடைக்கும் பற்கள் எங்கே என்று பார்த்தால் மாசர் மேலே நிற்கிறது. முன்பக்கம் இரண்டு, பின்னால் காப்புக்கு ஒன்று. தோட்டா மேகசினிலிருந்து வெளியேறும்போதே போல்ட்டின் நகம் அதைப் பிடித்துக்கொள்கிறது. லீயில் பற்கள் பின்பக்கம். அழுத்தத்தில் போல்ட் கொஞ்சம் அமுங்கி, கேஸ் நீளும். சுட்ட காலி கேஸை, அதாவது கோக்காவை, மறுபடி நிரப்பிச் சுடுபவர்கள் இதற்கு விலை கொடுக்கிறார்கள். உலகம் முழுவதும் வேட்டை ரைபிள்கள் மாசரைப் பின்பற்றியதற்கு இது ஒரு காரணம். அமெரிக்கர்கள் 1903 ரைபிளுக்காக மாசர் கம்பெனிக்குக் காப்புரிமைப் பணமே கட்டினார்கள்.

என்னைக் கேட்டால்? அவசரத்தில், சேற்றில், மழையில் என் கையில் லீ இருக்கட்டும். ஒரே ஒரு குண்டைச் சரியாகப் போட வேண்டும் என்றால் நம்பர் 4, அல்லது நல்ல குழல் உள்ள மாசர். எண்ணும் முத்திரையும் பொருந்தாத மாசரைவிட ஒழுங்காக வைத்த .315 எவ்வளவோ மேல்.

சுட்ட பிறகு

பழைய தோட்டா என்றால் வெந்நீர். போல்ட்டைக் கழற்றிவிட்டு, சேம்பர் பக்கமிருந்து புனல் வைத்து அரை லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழல் சூடாகித் தானே காயும். பிறகு உலர்ந்த சிந்தி, அது வெள்ளையாக வரும்வரை. கடைசியாக எண்ணெய் தொட்ட சிந்தி. புல்-த்ரூவை எப்போதும் சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கம், நேராக, ஒரே இழுப்பில். கயிறு வாயின் ஓரத்தில் உரசக் கூடாது. போல்ட்டின் முகத்தையும் கழுவுங்கள். உப்பு அங்கேயும் படியும்.

மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு வெள்ளைச் சிந்தியை இழுத்துப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் திரும்பவும் வெந்நீரிலிருந்து ஆரம்பியுங்கள். தேர்தல் நேரத்தில் போலீஸ் நிலையத்தில் டெபாசிட் செய்யும் .315-க்கும் இதே கதைதான். கொடுக்கும் முன் குழலிலும் சேம்பரிலும் தடிமனாக எண்ணெய், துணி உறை வேண்டாம், ஈரம் பிடிக்கும். திரும்பி வந்ததும் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகே தோட்டா.